அவள் ஊற்றிய எண்ணெய்

எண்பதுகளின் தொடக்கத்தில், சித்திரை மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், சேலத்தில் ஒரு திருமணத்துக்குச் சென்றுவிட்டுத் தருமபுரிக்குத் தனியே காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். மணமகள் என் மனைவியின் அண்ணன் மகள். என் மனைவி மறைந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மண்டபத்தில் உறவினர்கள் என்னை அன்போடுதான் வரவேற்றார்கள். இருந்தாலும் எனக்குப் பக்கத்து நாற்காலியில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை. இடம் தேடி வந்தவர்கள்கூட அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் நகர்ந்தார்கள். அங்கே யார் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. தாலி கட்டியதும் அட்சதை தூவிவிட்டு, பந்திக்கு நிற்காமல் கிளம்பிவிட்டேன்.

அந்தக் கார் உண்மையில் என் மனைவியுடையது. வாங்கியது இருவரும் சேர்ந்துதான். ஓட்டியதும் பராமரித்ததும் அவள். நான் ஓட்டினால் சாலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பேன் என்பது அவளுடைய நிரந்தரக் குற்றச்சாட்டு. ஊரில் அந்நாளில் கார் ஓட்டிய பெண்கள் மிகக் குறைவு. கணவனை இடப்பக்கம் உட்காரவைத்து ஒரு பள்ளி ஆசிரியை கார் ஓட்டிச் செல்வதைக் கடைவீதியில் நின்று பார்த்தவர்கள் உண்டு. அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டாள்.

காருக்கு எஞ்சின் ஆயில் மாற்றுவதில் அவளுக்கு ஒரு முறை இருந்தது. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று பள்ளித் தேர்வுகள் முடிந்த மறுநாள் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவாள். எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்ற கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. "பரீட்சை எழுதின பிள்ளைங்களுக்கு லீவு உண்டு. பேப்பர் திருத்தற எனக்குத்தான் இல்லை. வண்டியாவது ஒருநாள் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கட்டும்" என்பாள். பட்டறையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பழைய எண்ணெய் முழுவதும் வடிவதைப் பார்த்திருந்து, புது எண்ணெயைப் புனல் வைத்துத் தன் கையாலேயே ஊற்றுவாள். பிறகு ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பாள். அந்த விரல்களைத் துடைத்துக்கொள்ள, என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டுவாள். நான் என் கைக்குட்டையை எடுத்துக் கொடுப்பேன். எங்கள் வீட்டில் எண்ணெய்க் கறை படியாத கைக்குட்டை எனக்கு ஒன்றும் இருந்ததில்லை.

அவள் கடைசியாக எண்ணெய் மாற்றியது ஓர் அரையாண்டுத் தேர்வின் முடிவில். விடைத்தாள் கட்டுகளைப் பிரித்து மேசைமேல் அடுக்கி வைத்தாள். அவற்றைத் திருத்தி முடிக்கும் முன்பே, ஒரு விடியற்காலையில், நெஞ்சுவலி வந்து போய்விட்டாள். சில நாள் கழித்து வேறொரு ஆசிரியை வந்து, தலை குனிந்தபடி அந்தக் கட்டுகளை வாங்கிச் சென்றார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மேசை வெறுமையான பிறகு வீட்டில் முடிக்கப்படாத வேலை என்று எதுவும் இல்லை.

அதன்பின் காரை நான் ஓட்டத் தொடங்கினேன். போகுமிடம் என்று ஒன்றும் இல்லை. மாலை வேளைகளில் கிருஷ்ணகிரி சாலையிலோ சேலம் சாலையிலோ போகத் தோன்றுமட்டும் போய்த் திரும்புவேன். இடப்பக்கம் காலியாக இருந்தது என் இருக்கை. அவளுடையதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

முழு ஆண்டுத் தேர்வு வந்து போயிற்று. நான் எண்ணெய் மாற்றவில்லை. காலாண்டு வந்தது, அரையாண்டும் வந்தது. மாற்றவில்லை. அளவு குறையும்போதெல்லாம், என்னை யாரென்று தெரியாத ஏதாவது ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, மேலே கொஞ்சம் ஊற்றச் சொல்வேன். "பழசை எறக்கிட்டுப் புதுசா ஊத்திரலாங்களா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். வெப்பத்தில் எண்ணெய் எப்படிச் சிதைகிறது, எப்படி அமிலமாகிறது, கரி சேர்ந்து ஏன் கறுக்கிறது, கறுத்த எண்ணெய் எஞ்சினின் உலோகத்தை எப்படி அரிக்கிறது என்பதையெல்லாம் கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன். ஆகவே அறியாமல் செய்தேன் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதே வேதியியல் எனக்கு இன்னொன்றையும் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு பாத்திரத்தில் உள்ளதை முழுவதும் கொட்டாமல் மேலே மேலே ஊற்றிக்கொண்டே போனால், முதலில் இருந்தது குறையுமே தவிர, ஒருநாளும் இல்லாமல் போகாது. அவள் கையால் ஊற்றியதில் ஏதோ ஒரு பங்கு அந்த எஞ்சினுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். வீட்டில் அவளுடைய புடவைகள், புத்தகங்கள், கண்ணாடி எல்லாம் வைத்தது வைத்தபடி கிடந்தன. அசைந்துகொண்டிருந்தது அந்த எண்ணெய் ஒன்றுதான்.

திருமணத்திலிருந்து திரும்பிய அந்த நண்பகலில், தொப்பூர்க் கணவாயின் ஏற்றத்தில், எனக்கு முன்னே லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. நானும் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக ஏறிக்கொண்டிருந்தேன். பாதி ஏற்றத்தில் ஸ்டீரிங்குக்குப் பின்னால் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. எஞ்சின் எண்ணெய்க்கான எச்சரிக்கை விளக்கு. கூடவே எஞ்சினுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல ஒரு சத்தம். அந்தச் சத்தத்தின் பொருள் எனக்குத் தெரியும். உடனே ஓரமாக ஒதுக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டேன்.

வெயிலில் பாறைகள் தகித்துக்கொண்டிருந்தன. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகை கக்கிக் கடந்துபோயின. காருக்குள்ளே உட்காரவும் முடியவில்லை. அதை விட்டுப் போகவும் மனம் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உண்டுவிட்டு வாயைத் துடைத்தபடி வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் என் பக்கத்தில் நின்றார்.

"என்னங்க சார், வண்டி மூச்சு வாங்குதா?"

"ஆயில் லைட் எரிஞ்சுது. உள்ளே தட்டற சத்தமும் வந்தது."

"திரும்பி ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"இல்லை. பண்ணக்கூடாது."

"அட, வெவரமானவருதான்! பின்ன ஏன் சார் வண்டிய இந்தக் கெதிக்கு வுட்டீங்க?"

கேட்டுவிட்டு அவர் பதிலுக்கு நிற்கவில்லை. தன் லாரியிலிருந்து தடித்த கயிறு ஒன்றை எடுத்துவந்து என் காரின் முன்பக்கத்தில் கட்டினார்.

"ஸ்டீரிங்க நேராப் புடிச்சுக்கங்க. கால் பிரேக்கு மேலயே இருக்கட்டும். நான் கைய வெளிய காட்டுனா ஒரே அமுக்கு. இல்லாட்டி உங்க காரு என் லாரிக்குள்ளாற பூந்துரும். அப்பறம் சரக்கோட சரக்கா நீங்களும் பெங்களூருதான்!" என்றார். பிறகு கேட்டார்: "எந்தப் பட்டறைக்கு சார்?"

என் மனைவி போய்வந்த பட்டறை இருந்தது, ஓராண்டுக்கு மேலாக நான் தவிர்த்துவந்த தெருவில். வேறு பட்டறையின் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேறு பெயர் வரவில்லை. "பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம், பாய் பட்டறை" என்றேன்.

கயிற்றின் முனையில், சத்தமில்லாத காருக்குள், ஸ்டீரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தேன். பட்டறை வாசலில் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு ஓட்டுநர் கிளம்பினார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "பொழுதோட பெங்களூரு போவணும் சார்" என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் முகம் இப்போது எனக்கு நினைவில்லை, கை நினைவிருக்கிறது.

பட்டறைக்காரர் என்னைவிடச் சில வயது இளையவர். ஊரில் எல்லோருக்கும் அவர் பாய்தான். அவருடைய மகள் என் மனைவியின் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி இறந்த அன்று குடும்பத்தோடு வந்து, கூடத்தில் உட்காராமல், வாசலில் காருக்குப் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டுப் போனவர்.

"வாங்க சார்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் காரைப் பார்த்துச் சொன்னார்: "முழுப் பரீட்ச முடிஞ்சுதுங்களே, வருவீங்கன்னு பாத்தேன். போன வருசமும் பாத்தேன். காலாண்டுக்குப் பாத்தேன். அரையாண்டுக்கும் பாத்தேன். எம் பொண்ணு கடசிப் பரீட்ச எழுதிட்டு வந்தாலே, நான் புனலத் தொடச்சு வெச்சுருவனுங்க. பழக்கம் போவல."

பட்டறை வாசலில் நடுத்தர வயதுக் கணவனும் மனைவியும் குந்தியிருந்தார்கள். அந்தப் பெண்ணின் மடியில் ஒரு காலித் தகர டின் இருந்தது. கார் உள்ளே வந்து நின்றதுமே அவள் எழுந்துவிட்டாள்.

"பாயி, இந்த வண்டிக்குள்ளாற இருக்குமான்னு பாருங்க."

"இரும்மா! வண்டி வந்து இன்னும் மூச்சுகூட வுடல, அதுக்குள்ள டின்ன நீட்டுற!"

"ட்ரம்மு காலின்னு சொல்லிட்டீங்களே, நான் பின்ன எங்க போயி நீட்டறது?"

அவர்கள் வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். அப்போது மலைக்குச் சாலை கிடையாது. நடந்துதான் ஏறி இறங்க வேண்டும். வீட்டுக்கு நடும் மரக்கால்களைக் கரையான் அரிக்காமல் இருக்க, மண்ணுக்குள் போகும் பகுதியில் வண்டிகளிலிருந்து இறக்கிய பழைய எண்ணெயைப் பூசுவது அந்தப் பக்கத்து வழக்கம். அதற்காகச் சந்தை நாளில் இறங்கும்போது பட்டறைகளில் கேட்டு வாங்கிப் போவார்கள். பாய் அதற்குக் காசு வாங்குவதில்லை. அவர்களும் வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு படி சாமையோ கொஞ்சம் புளியோ அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். அன்று காலையிலேயே யாரோ வந்து, பழைய எண்ணெய் சேர்த்துவைக்கும் ட்ரம்மை வழித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

பாய் காரின் மூடியைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவினார். அதன் நுனியிலிருந்து எண்ணெய் சொட்டவில்லை. தார்போல் தொங்கியது.

"எப்ப சார் மாத்துனது?"

"அவங்க மாத்தினதுதான். அதுக்கப்புறம் மேலே மேலே ஊத்திக்கிட்டு வந்தேன்."

பாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குச்சியை மெதுவாகத் துடைத்து, அது இருந்த இடத்திலேயே திரும்பச் செருகினார். உள்ளே போய், அந்த முக்காலியை எடுத்துவந்து என் பக்கத்தில் போட்டார். நான் உட்கார்ந்தேன்.

"நல்லவேள, அங்கயே நிறுத்திட்டீங்க. இன்னும் ஒருக்கா கிளப்பி ஓட்டுனா எஞ்சின் புடிச்சுக்கும். அப்பறம் எடைக்குத்தான் போடணும்" என்றார். பிறகு காரின் மேல் கை வைத்துச் சொன்னார்: "டீச்சரம்மா வண்டி தெருமுனைல திரும்பயிலயே எனக்குத் தெரியுமுங்க, அந்தச் சத்தம். ஆயிலும் அவங்க ஊத்துனதுதான், எஞ்சினும் அவங்க ஓட்டுனதுதான். ரெண்டையும் வெச்சுக்க முடியாது சார். நீங்க சொன்னாத்தான் அடி போல்ட்டுல ஸ்பேனர வெப்பேன். நாளைக்குன்னாலும் சரி, நாளான்னிக்குன்னாலும் சரி. வண்டி இங்கயே நிக்கட்டும்."

முக்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வண்டிகளிலிருந்து சிந்திய எண்ணெயைக் குடித்துக் குடித்து அந்த மண் கறுத்து இறுகியிருந்தது. எஞ்சின் வேண்டும் என்பது தெரிந்துதான் இருந்தது. அது நின்றுபோனால் அவளுடைய சத்தமும் நின்றுபோகும். ஆனால் அவள் ஊற்றியது இந்த மண்ணில் ஒரு கறையாக முடிவதற்கு நானே சம்மதம் சொல்ல வேண்டும் என்பதுதான் என்னைத் தடுத்தது.

"இது எங்கே போகும் பாய்?" என்று கேட்டேன்.

பாய் பதில் சொல்லும் முன் அந்தப் பெண் சொன்னாள்: "எங்களுக்குக் குடுங்க சாமி."

"ரொம்பக் கறுத்துப்போச்சும்மா. கெட்டுப்போன எண்ணெய்."

"கறுப்பா இருந்தாத்தாங்க நல்லது. புது எண்ண மரத்துல நிக்காதுங்க, தண்ணியாட்டம் வழிஞ்சு ஓடிரும். நல்லா ஓடி ஓடிக் கருகுன எண்ணதான் மரத்தோட புடிச்சுக்கும். கரையான் அந்தப் பக்கமே தல வெக்காது."

"பாயி பட்டறைக்கு வந்தா இவ மேஸ்திரி ஆயிருவா சாமி" என்றார் கணவர்.

"ஆமா, மேஸ்திரி ஒருத்தரு இருந்தாரே! போன மழைக்கு நடுக்காலு உள்ளாறயே மாவாப் போயி, கூர ஒக்காந்துருச்சு. எண்ண பூசிட்டுத்தான் நடணும்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே?" கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "புதுசாக் கால் வெட்டிப் போட்டுருக்குதுங்க. மழ எறங்கறதுக்குள்ளாற நட்டுப்புடணும். அதுவரைக்கும் மச்சினன் வூட்டு மாட்டுக் கொட்டாயிலதாங்க கெடக்கறோம்."

நான் அவள் கையிலிருந்த டின்னைப் பார்த்தேன். உள்ளே சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தாள்.

"கழட்டுங்க பாய்" என்றேன்.

பாய் காருக்கு அடியில் சாய்ந்து போல்ட்டைத் தளர்த்தினார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு கனத்த, மெல்லிய கயிறுபோல அது இறங்கத் தொடங்கியது. அந்தப் பெண் தரையில் முழங்காலூன்றி, டின்னை நகர்த்தி நகர்த்திப் பிடித்தாள். "ஒரு சொட்டு கீழ வுடமாட்டேனுங்க" என்றாள். கடைசிச் சொட்டுகள் விழும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படித்தான் என் மனைவியும் பார்த்திருந்தாள்.

அப்போது அந்தப் பெண், டின்னின் விளிம்பில் வழிந்ததை விரலால் வழித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு விரலைத் துடைக்க இடம் தேடினாள். புடவையில் துடைக்க மனமில்லை போலும். கை அந்தரத்திலேயே நின்றது. நான் யோசிப்பதற்கு முன்பே என் கை சட்டைப் பைக்குள் போய்க் கைக்குட்டையை எடுத்து நீட்டிவிட்டது.

"ஐயோ, வெள்ளத் துணிங்க!"

"பரவாயில்லம்மா."

தயங்கித்தான் வாங்கினாள். விரலைத் துடைத்தாள். திருப்பித் தரப் பார்த்தவள், டின்னுக்கு மூடி இல்லாததைக் கவனித்து, "மலை ஏறயில தளும்புங்க" என்று அதையே சுருட்டி டின்னின் வாயில் அடைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். தலையசைத்தேன்.

பாய் அந்தப் புனலைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "எஞ்சினக் கழுவி, உள்ள பேரிங்கயும் பாக்கணும். ஊத்த நாளைக்கு ஆவும். நீங்களே வந்து ஊத்துங்க" என்றார்.

மலைக்குக் கிளம்பும் முன் அந்தப் பெண் என் எதிரே வந்து நின்றாள். "இது நாலு காலுக்குத்தாங்க வரும். இன்னும் கால் இருக்குது. அடுத்து எப்பங்க மாத்துவீங்க?"

அவள் கேட்டது வெறும் எண்ணெயைப் பற்றித்தான். ஆனால் என் மனைவி போன பிறகு, 'அடுத்து எப்போது' என்று என்னை யாரும் எதைக் குறித்தும் கேட்டிருக்கவில்லை. போல்ட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்த பாய் காருக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"காலாண்டுப் பரீட்சை முடிஞ்ச மறுநாள்" என்றேன்.

"அது எப்பங்க?"

"புரட்டாசி சந்தைக்கு வா. நான் சொல்றேன்" என்றார் பாய்.

மறுநாள் புது எண்ணெயை நான் ஊற்றினேன். பழக்கமில்லாததால் கொஞ்சம் வெளியே சிந்தியது. எஞ்சின் கிளம்பியபோது பாய் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு மூடியைச் சாத்தினார். எனக்கும் கேட்டது, தெருமுனையில் திரும்பும்போது கேட்கும் அதே சத்தம்தான்.

புரட்டாசியில் நான் பட்டறைக்குப் போனபோது அவர்கள் எனக்கு முன்பே வந்து குந்தியிருந்தார்கள். துணி முடிச்சில் சாமை இருந்தது. "எண்ண இன்னும் கொஞ்சம் கறுத்திருக்கலாமுங்க" என்று அந்தப் பெண் குறைப்பட்டுக்கொண்டாள். பாய் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சாமையை எப்படிச் சமைப்பது என்று அவளிடமே கேட்டுக்கொண்டு வந்து, அன்று இரவு நானே வடித்து, தனியே உட்கார்ந்து உண்டேன். சற்றுக் குழைந்துவிட்டது.

இது நடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர்கள் வீட்டுக் கால்களெல்லாம் எப்போதோ நட்டாகிவிட்டன. இப்போது அக்கம்பக்கத்து வீடுகளுக்காக வாங்கிப் போகிறார்கள். பலமுறை அழைத்தும், என் முழங்கால்கள் ஒத்துழைக்காததால், நான் அந்த மலை ஏறியதில்லை. வானம் தெளிந்த மாலைகளில் என் வீட்டு மாடியிலிருந்து வத்தல்மலை தெரியும். அங்கே மரங்களுக்கிடையே ஏதோ ஒரு கூரையின் கீழ், மண்ணுக்குள் யார் கண்ணிலும் படாமல், அவள் ஊற்றியது இருக்கிறது. வீடு இன்னமும் வெறுமையாகத்தான் இருக்கிறது, மேசையும் அப்படியே. என் நாட்காட்டியில் எஞ்சியிருக்கும் விசேஷ நாட்கள் மூன்றுதான், காலாண்டும் அரையாண்டும் முழு ஆண்டும். அந்த நாட்களில் பட்டறை வாசலில் ஒரு காலி டின்னோடு யாரோ எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற நாட்களைக் கடந்து வருகிறேன்.